அமிலத்தைத் திரும்ப எடுத்து செல்லுலோஸ் நானோ படிகம் தயாரிப்பது எப்படி

10 கிராம் காகிதக்கூழ். 64 விழுக்காடு கந்தக அமிலம் 100 மி.லி. 45 டிகிரி செல்சியஸ், 45 நிமிடம். செல்லுலோஸ் நானோ படிகம் (தாவர நாரிலிருந்து பிரித்தெடுக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்குச்சிகள்) என்றதும் பெரும்பாலான ஆய்வகங்களில் முதலில் கைக்கு வருகிற முறை இதுதான். நானும் ஆறு வருடம் இதையே செய்தேன். கழிவுக் கேன்களைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற வேலையும் என்னுடையதாகவே இருந்ததால், ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அந்த 100 மி.லி.யில் சுத்த அமிலம் மட்டும் 98 கிராம். வேலை முடிந்ததும் அதைச் சமன்படுத்த 80 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போகிறது. விளைவு, 140 கிராமுக்குச் சற்று அதிகமாக சோடியம் சல்பேட். கையில் மிஞ்சுகிற நானோ படிகம் மூன்றரை கிராம். ஒரு கிராம் படிகத்துக்கு 40 கிராம் உப்பு! வினையை நிறுத்த ஊற்றிய ஒரு லிட்டர் தண்ணீரையும், டயாலிசிஸ் பையைச் (அமிலத்தையும் உப்பையும் மட்டும் வெளியே விடுகிற நுண்துளைப் பை) சுற்றி நான்கு நாள் ஓடிய தண்ணீரையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

தாவரத்திலிருந்து வருகிறது, மண்ணில் மட்கிப்போகும் என்று சொல்லித்தான் இந்தப் பொருளை எல்லோர் முன்னும் வைக்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு 40 மடங்கு உப்பைத் தொட்டியில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து பல வழிகளை முயன்றேன். இப்போது வாரத்துக்கு ஒரு முறை செய்கிற முறையைத்தான் கீழே எழுதுகிறேன். நச்சு ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டும், வேகமாகச் சுழற்றிப் படிவைப் பிரிக்கும் மையவிலக்கியும் உள்ள சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடியது. வீட்டில் செய்யக்கூடாது.

முதலில், நாருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு வரியில் பார்த்துவிடலாம். செல்லுலோஸ் நாரில் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பகுதிகளும், இடையிடையே ஒழுங்கு குலைந்து தளர்ந்த பகுதிகளும் உண்டு. அமிலம் தளர்ந்த இடத்தில்தான் எளிதாக நுழைந்து சங்கிலியை அறுக்கும். அறுபட்டபின் ஒழுங்கான பகுதிகள் குச்சி குச்சியாகத் தனித்து வரும். மரக்கூழிலிருந்து வருபவை 3 முதல் 5 நானோமீட்டர் தடிமனும் 100 முதல் 200 நானோமீட்டர் நீளமும் இருக்கும். பருத்தியில் சற்றுத் தடிப்பு. ஸ்வீடனின் உப்சாலாவில் ரோன்பி என்ற வேதியியலாளர் 1949-இல் கந்தக அமிலம் கொண்டு இந்தக் குச்சிகளைத் தண்ணீரில் மிதக்கிற கூழ்மமாக எடுத்துக் காட்டினார். இன்றும் அந்த வழியின் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் செய்துகொண்டிருக்கிறோம்.

கந்தக அமிலம் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது வெட்டுவதோடு நிற்பதில்லை. வெட்டிய குச்சியின் மேல் சல்பேட் தொகுதிகளை ஒட்டி, எதிர் மின்னூட்டத்தையும் கொடுக்கிறது. குச்சிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீரில் தனித்தனியே நிற்பது அதனால்தான். ஆகவே மாற்று அமிலத்தைத் தேடும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும். வெட்டுமா? மின்னூட்டம் தருமா? திரும்ப என் கைக்கு வருமா? முதல் இரண்டு கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்காமல் விட்டால், கந்தக அமிலத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருப்போம். சில ஆய்வுக் கட்டுரைகளில் சிட்ரிக் அமிலம் பயன்படுத்திவிட்டு ‘பசுமை முறை’ என்று எழுதியிருப்பார்கள். அமிலம் எங்கே போனது என்று தேடினால் ஒரு வரிகூட இருக்காது. எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

ஆக்சாலிக் அமிலம் மூன்றுக்கும் பதில் சொல்கிறது. அதன் மூலக்கூறில் இரண்டு கார்பாக்சில் முனைகள், அதாவது அமிலத் தொகுதிகள். ஒன்று செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு எஸ்டராகப் பிணைந்துகொள்ளும். மற்றது சும்மா நின்று மின்னூட்டம் தரும். அப்புறம், அதன் கரைதிறன். 80 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 84 கிராம் கரைகிற இந்த அமிலம், 20 டிகிரியில் ஒன்பதரை கிராம்தான் கரையும். உறைநிலைக்குப் பக்கத்தில் மூன்றரை கிராம். குளிரவைத்தாலே அமிலம் படிகமாகப் பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். ஆவியாக்க வேண்டாம், கரைப்பான் வேண்டாம். 2016-இல் அமெரிக்க வனப்பொருள் ஆய்வுக்கூடத்தின் குழு ஒன்று ஆக்சாலிக், மாலியிக் போன்ற திண்ம அமிலங்களைக் கொண்டு இப்படிச் செய்யலாம் என்று வெளியிட்டது. அதைப் படித்த வாரமே நான் தொடங்கிவிட்டேன்.

தொடங்கும் முன் மூன்று எச்சரிக்கைகள்

ஆக்சாலிக் அமிலம் தாவரங்களில் இருக்கிறது என்பதால் சாது என்று நினைக்க வேண்டாம். உடலுக்குள் போனால் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகும். சூடான கரைசலின் ஆவியும், காய்ந்த தூளும் தொண்டையை எரிக்கும். கையுறை, கண்ணாடி, புகைக்கூண்டு மூன்றும் கட்டாயம்.

இரண்டாவது எச்சரிக்கையை, கந்தக அமில முறையிலிருந்து மாறி வருகிறவர்கள் தயவுசெய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடர் கந்தக அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. பழைய கழிவுக் கேனில் புதிய கழிவை ஊற்றும் பழக்கம் உயிரை வாங்கிவிடும். கேன் வேறு, புனல் வேறு, வைக்கிற அலமாரியும் வேறாக இருக்கட்டும். ஹைப்போகுளோரைட் வெளுப்புக் கரைசலும் பக்கத்தில் இருக்கக்கூடாது. அமிலம் பட்டால் குளோரின் வெளியேறும்.

மூன்றாவது, வெப்பம். ஆக்சாலிக் அமிலத்தை மிகையாகச் சூடாக்கினால் அதுவே சிதைந்து ஃபார்மிக் அமிலமும் கார்பன் மோனாக்சைடும் தரும். அதனால் நேரடி ஹீட்டர் மேல் வைக்காமல், 105 டிகிரியைத் தாண்டாதபடி கட்டுப்படுத்திய எண்ணெய்த் தொட்டியில் குடுவையை வையுங்கள்.

எதை மூலப்பொருளாக எடுப்பது

வெளுத்த மரக்கூழ் இருந்தால் நேராக வேலைக்கு இறங்கலாம். நான் பெரும்பாலும் எடுப்பது பழைய வெள்ளைப் பருத்தித் துணி. ஆய்வகத்தில் கிழிந்துபோன வெள்ளைக் கோட்டுகளே போதும். பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ் என்பதால் தனியாக வெளுக்கத் தேவையில்லை. ஒரு சோப்புக் கழுவல், பிறகு 2 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம், கழுவி அரைத்தல், அவ்வளவுதான். தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். துணி நூறு விழுக்காடு பருத்தியாக இருந்தாலும் தையல் நூல் பாலியஸ்டராக இருக்கும். முதல் தடவை எனக்கு வடிதாளில் சுருள் சுருளாகக் கரையாத இழை மிஞ்சியபோது அது என்னவென்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

வைக்கோல், தக்கை, தண்டு போன்ற பயிர்க்கழிவானால் நாரைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருளை எடுக்க வேண்டும். சோடியம் குளோரைட் வேகமாக வெளுக்கும், ஆனால் குளோரின் டையாக்சைடு வாயுவும் குளோரின் ஏறிய கரிமக் கழிவும் வரும். நான் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் பயன்படுத்துகிறேன். 4 விழுக்காடு காரத்தில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேகவைத்துக் கழுவியபின், பிஎச் 11 அளவில் 3 விழுக்காடு பெராக்சைடு, 60 டிகிரி. நாரில் இரும்போ மாங்கனீசோ இருந்தால் பெராக்சைடு நுரைத்து வீணாகும். கொஞ்சம் மெக்னீசியம் சல்பேட் போட்டால் நிதானமாகும். முழு வெண்மை வரவில்லையே என்று திரும்பத் திரும்ப வெளுக்காதீர்கள். இளமஞ்சளாக இருந்தாலும் படிகம் வரும்.

வினை

ஆக்சாலிக் அமிலம் கடையிலிருந்து வரும்போது படிகநீரோடு வரும். 126 கிராமில் 90 கிராம்தான் அமிலம், மீதி 36 கிராம் தண்ணீர். இதை மறந்தால் செறிவு தவறிவிடும். 126 கிராம் எடுத்து, அதோடு 24 கிராம் அயனி நீக்கிய தண்ணீர் சேருங்கள். மொத்தம் 150 கிராம், செறிவு 60 விழுக்காடு. அறை வெப்பத்தில் இது ஈர மணல்போல இருக்கும், பயப்பட வேண்டாம். மேலே, ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் மீள்வடிப்புக் குழாய் பொருத்தி 100 டிகிரிக்குக் கொண்டுவந்தால் முழுவதும் தெளிந்த திரவமாகிவிடும். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் போதும். உலோகக் கலக்கியை இறக்க வேண்டாம். சூடான ஆக்சாலிக் அமிலம் இரும்பைக் கரைத்து, பச்சை மஞ்சளாக நிறம் ஏற்றும்.

திரவம் தெளிந்தபின் 10 கிராம் உலர்ந்த நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் நடுவில் நனையாத உருண்டை நிற்கும். 90 நிமிடம், மிதமான கலக்கல். நேரம் போகப் போகக் கலவை இளகும். நார் குட்டையாகிறது என்று பொருள். நிறம் இளமஞ்சளைத் தாண்டிப் பழுப்பாக மாறினால் வெப்பமானியைச் சரிபாருங்கள்.

இப்போது நிறுத்த வேண்டும். கந்தக அமிலப் பழக்கத்தில் பத்து மடங்கு குளிர்ந்த தண்ணீரை ஊற்றத் தோன்றும். இங்கே அப்படிச் செய்யவே கூடாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அமிலம் நாருக்குள்ளேயே படிகமாகி உட்கார்ந்துவிடும். அவ்வளவு தண்ணீரில் கரைந்த அமிலத்தை அப்புறம் திரும்ப எடுக்கவும் முடியாது. 80 டிகிரித் தண்ணீர் 150 மி.லி. மட்டும் ஊற்றி, கரைசல் 70 டிகிரிக்குக் கீழே போகும்முன் வெற்றிட வடிகட்டியில் வடித்துவிடுங்கள். புனலையும் குடுவையையும் முன்கூட்டியே சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை புனலைச் சூடாக்க மறந்து, வடிதாள் மேல் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைக் கட்டி உறைந்து, முழு நாளும் போனது.

அமிலத்தைத் திரும்ப எடுப்பது

வடித்த கரைசலை மூடி, முதலில் மேசை மேல் தானாக ஆறவிடுங்கள். பிறகு குளிர்பெட்டியில் 5 டிகிரியில் இரவு முழுவதும். காலையில் நீண்ட, நிறமற்ற ஊசிப் படிகங்கள் குடுவை நிறைய நிற்கும். அவசரப்பட்டு நேராகக் குளிர்பெட்டியில் வைத்தால் பொடிப் படிகமாக விழுந்து, இடையில் சர்க்கரையையும் பழுப்பு நிறத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். போட்ட அமிலம் 90 கிராம். 5 டிகிரியில் மிஞ்சிய கரைசலில் சுமார் 8 கிராம்தான் தங்க முடியும். நாரில் ஒட்டியது 8, 10 கிராம் போகட்டும். படிகநீரையும் சேர்த்து 100 கிராமுக்கு மேல் படிகமாகவே கைக்கு வந்துவிடுகிறது. வடித்து, அறை வெப்பத்தில் தாள் மேல் உலர்த்துங்கள். அடுப்பில் வைக்காதீர்கள். படிகநீர் போய்விட்டால் எடைக் கணக்கு புரளும். அமிலமும் கொஞ்சம் பதங்கமாகிக் காற்றில் போகும்.

மிஞ்சிய கரைசலை என்ன செய்வது? அதுதான் அடுத்த வாரம் வினையை நிறுத்த ஊற்றுகிற சூடான தண்ணீர். அதிலிருக்கும் 8 கிராம் அமிலமும் அப்படியே சுற்றுக்குள் திரும்பிவிடுகிறது. வடிதாளில் உள்ள நாரை முதலில் 60 மி.லி. சூடான தண்ணீரில் கழுவி, அந்தக் கழுவலையும் இதோடு சேர்த்துவிடுவேன். இப்படிச் செய்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக 20 கிராமுக்குள் அமிலம் சேர்த்தால் போதும்.

சுற்று நீள நீளக் கரைசல் பழுப்பேறும். நாரிலிருந்து கரைந்த சைலோஸ் என்ற சர்க்கரை வெப்பத்தில் ஃபர்ஃபியூரலாக மாறுவது ஒரு காரணம். எனக்கு ஐந்தாவது சுற்றில் படிகங்களே தேன் நிறத்துக்கு வந்துவிடும். அப்போது எல்லாப் படிகத்தையும் சூடான தண்ணீரில் கரைத்து மறுபடி ஒரு முறை படிகமாக்கினால் வெண்மை திரும்பும். வெளியேற்றும் கரைசலை அப்படியே ஊற்றிவிடக்கூடாது. சுண்ணாம்பு நீர் சேர்த்தால் ஆக்சலேட் முழுவதும் வெள்ளை வீழ்படிவாக இறங்கும்; அதை வடித்துத் திடக்கழிவாகக் கொடுத்துவிடுகிறேன்.

கழுவல், பிரித்தல்

இந்த இடத்தில்தான் நான் அதிகம் இழந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நாரைத் தண்ணீரில் கலக்கி மையவிலக்கியில் சுற்றுங்கள். முதல் இரண்டு முறை மேல்நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அமிலம் அதிகம் இருக்கும்வரை அயனிகள் குச்சிகளின் மின்னூட்டத்தை மறைத்துவிடும். குச்சிகள் ஒட்டிக்கொண்டு எல்லாம் அடியில் இறங்கும். அந்தத் தெளிந்த நீரில் படிகம் இல்லை. மூன்றாவது அல்லது நான்காவது முறை மேல்நீர் கலங்கலாக நிற்கும். பழக்கம் இல்லாதவர்கள் ‘சரியாகச் சுற்றவில்லை’ என்று நினைத்து அதைத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். நான் கொட்டினேன், ஒரு தடவையல்ல, மூன்று தடவை. நம்முடைய படிகம் முழுவதும் அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது! அமிலம் குறைந்ததும் மின்னூட்டம் வெளிப்பட்டு, குச்சிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு வந்துவிட்டன என்பதன் அடையாளம் அது. அங்கே நிறுத்தி, எல்லாவற்றையும் டயாலிசிஸ் பைக்கு மாற்றுங்கள்.

டயாலிசிஸுக்குக் குழாயைத் திறந்துவிட்டு நாள்கணக்கில் ஓடவிட வேண்டியதில்லை. பைக்குப் பத்து மடங்கு தண்ணீருள்ள வாளியில் போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்திலும் அமிலம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையும். ஐந்தாறு மாற்றம் போதும். தண்ணீரில் எவ்வளவு அயனி இருக்கிறது என்று காட்டும் கடத்துதிறன் மானியை வாளியில் வையுங்கள். புதுத் தண்ணீரின் அளவும் வாளித் தண்ணீரின் அளவும் ஒன்றாக வந்தால் வேலை முடிந்தது. நாட்களை எண்ணுவதைவிட மானியை நம்புவது நல்லது.

எந்தத் தண்ணீர் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று நான் ஒரு மாதம் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். அழகான வெண்மை, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட அதிகம், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற ஒளிமுனைவுத் தகடுகளுக்கு நடுவே பளபளவென்ற மின்னல். மகிழ்ச்சியில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அது செல்லுலோஸே அல்ல, கால்சியம் ஆக்சலேட். கடினநீரில் இருந்த கால்சியம் எஞ்சிய அமிலத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிட்டது. அது தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்கூடக் கரையாது, அதனால் எவ்வளவு கழுவினாலும் போகாது. செல்லுலோஸ் படிகத்தைப்போல அதுவும் ஒளியை இரண்டாகப் பிரிக்கிற, இரட்டை ஒளிவிலகல் உள்ள படிகம் என்பதால்தான் தகடுகளுக்கு நடுவே மின்னியது. அமிலம் போகும்வரை அயனி நீக்கிய தண்ணீர் மட்டும் பயன்படுத்துங்கள்.

டயாலிசிஸ் முடிந்தபின் இன்னொரு முறை மையவிலக்கியில் சுற்றினால் மேலே நிற்பது நானோ படிகம், அடியில் இறங்குவது முழுதாக உடையாத நார். 10 கிராமில் எனக்குப் படிகம் 2 கிராம் அளவு. அடிநார் 7 கிராம் அளவு. ஆக்சாலிக் முறையில் நூற்றுக்கு 25-க்கு மேல் படிகம் எதிர்பார்க்காதீர்கள். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளித்து, கந்தக அமிலமே மேல் என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த 7 கிராம் கழிவு அல்ல. ஏற்கெனவே குட்டையாகி, மேலே கார்பாக்சில் ஏறியிருக்கும் நார் அது. குறுகிய இடைவெளி வழியே அழுத்தித் தள்ளும் உயரழுத்த ஹோமோஜனைசரில் சில முறை செலுத்தினால் நானோ இழையாகப் பிரிந்து, கெட்டியான ஜெல்லாக நிற்கும். படலத்துக்கும் காகித வலுவூட்டலுக்கும் அது படிகத்தைவிட நன்றாகவே உதவுகிறது. கரைசலில் இழந்த 20 கிராம் அமிலம் (படிகநீரோடு சேர்த்த எடை) சுண்ணாம்போடு சேர்ந்தால் 23 கிராம் வீழ்படிவு. படிகத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் கிராமுக்கு 11, 12 கிராம் கழிவு. இழையையும் எடுத்துக்கொண்டால் இரண்டரை கிராம். அடிநாரைத் தூக்கிப் போடுகிறவர் பழைய முறையின் சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறுபடி தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்றுதான் சொல்வேன்.

வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-இல் முன்வைத்த ‘ஈ-காரணி’ இதே கணக்குதான்: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு. உங்கள் குறிப்பேட்டில் விளைச்சலுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஒலியலை, சேமிப்பு

ஒட்டி நிற்கும் குச்சிகளைப் பிரிக்க ஒலியலைக் கருவி அவசியம்தான், ஆனால் அளவோடு. ஒரு கிராம் படிகத்துக்கு 5 கிலோஜூல் கொடுத்தால் போதும்; குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து, விட்டு விட்டு. அரை மணி நேரம் ஓடவிட்டால் மின்சாரமும் வீண், டைட்டானியம் முனையிலிருந்து சாம்பல் தூளும் உதிரும். எப்படியும் ஒரு முறை மையவிலக்கியில் சுற்றி அந்தத் தூளை நீக்கிவிடுங்கள்.

உலர்த்தாதீர்கள். ஒரு முறை முழுதாக உலர்ந்தால் குச்சிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு, திரும்பத் தண்ணீரில் பிரிய மறுக்கும். உறைநிலை உலர்த்தி இதற்கு உதவும் என்றாலும் ஒரு கிராமுக்கு அது குடிக்கிற மின்சாரத்தைப் பார்த்தால் வேண்டாம் என்றாகிவிடும். ஒன்று முதல் இரண்டு விழுக்காடு கரைசலாகவே 4 டிகிரியில் வைக்கிறேன். பூஞ்சை வரும், அதனால் மாதத்துக்குத் தேவையானதை மட்டும் செய்கிறேன். சோடியம் வடிவத்துக்கு மாற்ற வேண்டுமானால் மிக நீர்த்த சோடியம் பைகார்பனேட் போதும். வலுவான காரத்தைச் சேர்த்தால் ஆக்சலேட் எஸ்டர் அறுந்து, பாடுபட்டு ஏற்றிய மின்னூட்டம் கழன்றுவிடும்.

கிடைத்தது படிகம்தானா என்று பார்ப்பது

விலையுயர்ந்த கருவிக்குப் போகும்முன் மேசையிலேயே மூன்று சோதனை செய்யலாம். குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் நீலம் படிந்த வெண்மை தெரிய வேண்டும். ஓர் இரவு அசையாமல் வைத்தாலும் அடியில் எதுவும் படியக்கூடாது. படிந்தால் ஆக்சலேட்டையோ நாரையோ சந்தேகியுங்கள். பிறகு, கணினியின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன் குப்பியைப் பிடித்து, ஒளிமுனைவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். திரையிலிருந்து வருவது ஏற்கெனவே முனைவுற்ற ஒளி. திரை இருளும் கோணத்துக்குக் கண்ணாடியைத் திருப்பி, குப்பியைக் குலுக்கினால், ஓடுகிற திரவத்தில் வெளிச்சப் பட்டைகள் எழுந்து மெல்ல அடங்கும். பட்டையாக ஓடினால் நானோ படிகம். புள்ளி புள்ளியாக மின்னினால் நான் ஏமாந்த அதே கால்சியம் ஆக்சலேட். உறுதி செய்ய இரண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள், ஆக்சலேட் கரைந்து மறையும்.

நீள அகலம் பார்க்க அணுவிசை நுண்ணோக்கியை நாடுகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வழக்கமாக இடுகிற யுரேனைல் அசிடேட் கதிரியக்கம் உள்ள சாயம். இவ்வளவும் பார்த்துச் செய்துவிட்டுக் கடைசியில் அதைக் கழிவில் சேர்க்க வேண்டாம்.

வேறு வழிகள்

ஆக்சாலிக் அமிலம்தான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் கோன்ட்டூரியின் குழு 2016-இல் நாரை அமிலத்தில் முக்காமல், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் வைத்தே வெட்டிக் காட்டியது. விளைச்சல் 97 விழுக்காடு அளவுக்கு. கழுவத் தண்ணீரே கொஞ்சம்தான். ஆனால் மின்னூட்டம் இல்லாததால் குச்சிகளைப் பிரித்தெடுப்பது தனிப் போராட்டம். வாயுவைக் கையாளத் தகுந்த ஏற்பாடு இருக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கோலின் குளோரைடும் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்த ஆழ் யூட்டெக்டிக் கரைப்பான் (இரண்டு திண்மங்கள் கலந்து தாழ்ந்த வெப்பத்திலேயே திரவமாகும் கலவை) நன்றாக வேலை செய்கிறது, விளைச்சலும் அதிகம். சிக்கல் கழுவியபின் வருகிறது. தண்ணீரோடு கலந்துபோன கோலின் குளோரைடைத் திரும்ப எடுக்கத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீருக்கு 2257 கிலோஜூல். அந்தக் கணக்கைச் சொல்லாமல் அதைப் பசுமை என்று அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. அம்மோனியம் பெர்சல்பேட் லிக்னின் உள்ள நாரையும் ஒரே படியில் 60 டிகிரியில் 16 மணி நேரத்தில் முடித்துத் தரும், ஆனால் இறுதியில் சல்பேட் உப்பே மிஞ்சுகிறது.

செல்லுலோஸ் சங்கிலியை இடையில் வெட்டுகிற எண்டோகுளூக்கனேஸ் நொதி 50 டிகிரியில், பிஎச் 5 அளவில், மூன்று நாள் எடுக்கும். தனியாகப் படிகம் எடுக்க விளைச்சல் போதாது. ஆக்சாலிக் வினைக்கு முன்னால் நாரைத் தளர்த்தும் முன்வேலையாக இதை இப்போது முயன்று வருகிறேன். வினை நேரத்தை 90 நிமிடத்திலிருந்து 60-க்குக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறேன். வெறும் தண்ணீரையே 120 டிகிரியில், 200 வளிமண்டல அழுத்தத்தில் வைத்துச் செய்கிற முறையும் உண்டு. அமிலமே இல்லை என்பது மனதுக்கு இதம். அந்த அழுத்தத்தைத் தாங்கும் கலன் இருக்கிறவர்கள் அவசியம் செய்து பாருங்கள்.

முதல் சுற்றைப் பாதி அளவில், 5 கிராம் நாரோடு தொடங்குங்கள். வடிகட்டும் நேரத்தில் கை பழகுவதுதான் கடினம். திரும்பி வந்த அமிலத்தின் எடை, போட்ட எடையில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நாரைக் குறை சொல்வதற்கு முன் வடிகட்டும் வெப்பத்தைப் பாருங்கள். புனல் ஆறிப்போயிருக்கும்.